கானூன் சம்பளக்காரர்கள்

நூருத்தீன் ஸர்ரீன்கெல்க் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் படித்தது மருந்தியல். எஸ்ஃபந்தியார் அஹ்மதியே நுண்ணோவியக்காரர். நொஸ்ரதொல்லா கரீமி நடிகர். ஃபர்ஷீத் மெஸ்காலி பத்திரிகைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். மோர்தேஸா மொமய்யெஸ் புத்தக அட்டையும் சுவரொட்டியும் வடிவமைத்தவர். அலி அக்பர் சாதேகி தூரிகையும் எண்ணெய் வண்ணமுமாக வாழ்ந்தவர். ஈரானின் அனிமேஷன் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் வரவேண்டிய பெயர்கள் இவை. இவர்களில் ஒருவர்கூட அனிமேஷன்காரராக வாழ்க்கையைத் தொடங்கவில்லை. பெரும்பாலோர் அனிமேஷன்காரராக அதை முடிக்கவும் இல்லை. வேறொரு தொழிலிலிருந்து வந்தார்கள், சில வருடம் படங்களை நகர வைத்தார்கள், திரும்பிப் போனார்கள்.

எனக்கு இது விசித்திரமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. நான் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன். 90-களில் சென்னையில் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இன்பிட்வீன் வரைந்துகொடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன். கீ அனிமேட்டர் ஒரு பாத்திரம் கையைத் தூக்கத் தொடங்கும் படத்தையும் தூக்கி முடித்த படத்தையும் தருவார். நடுவில் கை எங்கெங்கே இருந்திருக்கும் என்பதை லைட் பாக்ஸில் தாளை வைத்து வரைந்து நிரப்புவது எங்கள் வேலை. படத்துக்கு இவ்வளவு என்று கூலி. கதை என்ன, அந்தக் கை எதற்காக உயர்கிறது என்பதெல்லாம் பாதி நேரம் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தில் போட்ட பழைய ஈரானியக் குறும்படங்களைப் பார்த்தபோது என் கண் கதையில் நிற்கவில்லை. கோட்டில் நின்றது. முதல் சட்டகத்திலிருந்து கடைசிச் சட்டகம் வரை ஒரே ஆளின் கை தெரிந்தது. நொடிக்கு 24 சட்டகம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம், 10 நிமிடத்துக்கு 7,200 படம். இதைத் தன் பாணி மாறாமல் ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டுமென்றால் யாரோ அவருக்கு மாதாமாதம் சோறு போட்டிருக்க வேண்டும். யார் போட்டது என்பதுதான் எனக்கு அன்று எழுந்த கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

ஈரான் அனிமேஷனைப் பற்றிய எந்தப் பேச்சும் ஒரு மண் குவளையில்தான் தொடங்கும். நானும் அதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கிழக்கு ஈரானில் சீஸ்தான் பகுதியில் ஸாபோல் ஊருக்கு அருகே ஷஹ்ரெ சுக்தே என்ற தொல்நகரம் இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே இத்தாலியத் தொல்லியல் குழு தோண்டியபோது கிடைத்த, ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான குவளையைச் சுற்றி ஐந்து ஆட்டுப் படங்கள். குவளையைச் சுழற்றினால் ஆடு எம்பிக் குதித்து மரத்தின் இலையைக் கடிக்கும். அந்தக் குயவருக்கு என் வணக்கம். ஆட்டின் பின்னங்கால் தரையை விட்டெழும் இடத்தை அவர் கவனித்திருக்கிறார். அது சும்மா வருகிற வேலை அல்ல. ஆனால் அவருக்கும் ஈரானின் முதல் அனிமேஷன் வந்த 1957-க்கும் நடுவில் யாரும் கயிறு கட்டிக் காட்டியதில்லை. நாட்டுப் பெருமைக்குக் குவளை பயன்படும். தொழிலின் வரலாற்றுக்குச் சம்பளப் பட்டியல்தான் பயன்படும்.

சம்பளப் பட்டியலில் முதல் பெயர் அஹ்மதியே. தெஹ்ரானில் அரசின் நுண்கலைத் துறையில் வேலை பார்த்த ஓவியர். 1957-இல் முல்லா நஸ்ருதீனை வைத்துச் சில நொடிகளே ஓடும் ஒரு துண்டுப் படம் செய்தார். நம் ஊர்ச் சிறுவர் புத்தகங்களில் கழுதையோடு வருகிற அதே முல்லாதான். ஈரானில் வரையப்பட்ட முதல் அனிமேஷன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் துறையில் 50-களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று வந்து ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அஹ்மதியே இந்த வித்தையைத் தானாகவே பழகிக்கொண்டார் என்கிறார்கள். இதே 1957-இல்தான் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன், டிஸ்னியிலிருந்து வந்திருந்த கிளேர் வீக்ஸின் வழிகாட்டுதலில் ஆலமரத்து மான் பற்றிய ஜாதகக் கதையைப் படமாக்கியது. இரண்டு நாட்டிலும் தொடக்கம் அரசு அலுவலக மேசையில்தான்.

நுண்ணோவியக்காரர் அனிமேஷனுக்கு வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடு போட்டவர்களுக்கு அது உடனே புரியும். பாரசீக நுண்ணோவியத்தில் நிழல் கிடையாது, தொலைவு காட்டும் கோணமும் கிடையாது. தூரத்து மலையும் பக்கத்துக் குதிரையும் ஒரே தெளிவோடு தட்டையாக நிற்கும். இது அனிமேஷனுக்கு வசதிதான், ஏனென்றால் தட்டையான உருவத்தை நகர்த்துவது சுலபம். ஆனால் ஒரு தலைப்பாகையின் மடிப்பில் மட்டும் முப்பது கோடு இருக்கும். முப்பது கோட்டையும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அதே இடத்தில் போட முடியாது. இம்மி விலகினாலும் தலைப்பாகை திரையில் கொதிப்பதுபோல நடுங்கும். ஆக, எந்தக் கோட்டை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கோட்டைச் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கைக்கு விடுவது கஷ்டம். அஹ்மதியேயிடமிருந்து சாதேகி வரை ஈரானியர் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அஹ்மதியே 2012-இல் காலமானார். ஈரான் அனிமேஷனின் தந்தை என்பது அவருக்கு நிலைத்த பெயர்.

கரீமியின் வழி வேறு. நாடக மேடையிலிருந்து பிராக் நகருக்குப் போய்த் திரைப்படம் படித்தார். ஜிரீ டிர்ன்காவின் பொம்மைப் படங்களுக்குப் பேர்போன ஊர் அது. திரும்பி வந்து அதே நுண்கலைத் துறையின் வாரிசான பண்பாட்டு அமைச்சகத்தில் 60-களின் நடுவில் ‘மலெக் ஜம்ஷீத்’, ‘ஸெந்தகி’ என்ற படங்களைச் செய்தார். ஆனால் அவரை ஈரான் முழுதும் அறிந்தது 1976-இல் வந்த ‘தாயீ ஜான் நெப்போலியன்’ தொலைக்காட்சித் தொடரில் கதைசொல்லும் பையனின் அப்பாவாக. அவர் கதையின் மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னது முன்னுரைதான். சோறு போட்டது கானூன்.

முழுப் பெயர் ‘கானூனெ பர்வரெஷெ ஃபெக்ரியெ கூதகான் வ நவ்ஜவானான்’. சிறுவர், இளையோர் அறிவு வளர்ச்சிக் கழகம் என்று சொல்லலாம். ஈரானில் எல்லோருக்கும் அது வெறும் கானூன். 1965-இல் ராணி ஃபரா பஹ்லவியின் ஆதரவில் தொடங்கியது. நடத்தியவர் அவருடைய பள்ளித் தோழி லீலி அமீர் அர்ஜுமந்த், அமெரிக்காவில் நூலகவியல் படித்தவர். ஆகவே கானூனின் முதல் நோக்கம் படம் எடுப்பது அல்ல, நூலகம் வைப்பது. ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதைக்கு ராணி தாமே படம் வரைந்து, அந்தப் புத்தகத்தை விற்ற பணத்தை இதற்குத் தந்தார். நூலகம் வைத்தார்கள், பேருந்தில் புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். நூலகத்தில் வைக்க நல்ல சிறுவர் புத்தகம் பாரசீகத்தில் போதவில்லை என்று தெரிந்ததும் பதிப்பகம் தொடங்கினார்கள். பதிப்பகத்துக்கு ஓவியர் தேவைப்பட்டது. ஓவியர்கள் வந்ததும் அவர்களில் சிலர் படத்தை நகர்த்திப் பார்க்கலாமே என்றார்கள். 1966-இலிருந்து தெஹ்ரானில் கானூன் நடத்திய சிறுவர் திரைப்பட விழா வெளிநாட்டு அனிமேஷனை ஊருக்குள் கொண்டுவந்தது. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. அனிமேஷன் தொழிலை உருவாக்குவோம் என்று யாரும் திட்டம் தீட்டவில்லை.

திரைப்படப் பிரிவைக் கட்டியவர்களில் ஒருவர் ஃபிரூஸ் ஷீர்வான்லு. இவர் யார் என்று சொன்னால் அந்தக் காலத்து ஈரானின் குணம் தெரியும். 1965-இல் மன்னர் ஷாவைச் சுட முயன்ற வழக்கை ஒட்டிக் கைதாகிச் சிறை போன இடதுசாரி இளைஞர்களில் ஒருவர். வெளியே வந்தவருக்கு அதே ஷாவின் மனைவி ஆதரித்த நிறுவனத்தில் வேலை. கூடவே இருந்தவர் அப்பாஸ் கியாரொஸ்தமி. அப்போது அவர் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டும் சினிமாவுக்கு டைட்டில் போட்டுக்கொண்டும் இருந்தவர். பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய கியாரொஸ்தமிகூட 1975-இல் ‘மன் ஹம் மீதவானம்’ என்று அனிமேஷனும் நிஜக் குழந்தைகளும் கலந்த ஒரு குட்டிப் படம் செய்திருக்கிறார். திரையில் விலங்கு எதைச் செய்தாலும் பையன் ‘என்னாலும் முடியும்’ என்பான்.

1970-இல் கானூனின் முதல் படங்கள் வந்தன. கியாரொஸ்தமியின் ‘ரொட்டியும் சந்தும்’ அந்த வருடத்தது. மெஸ்காலியின் ‘ஆகாயெ ஹயூலா’, ஆர்மீனிய வழி ஈரானியரான அராபிக் பாக்தஸாரியனின் ‘பளு தூக்குபவர்’ இரண்டும் அந்த வருடத்தவைதான். அங்கிருந்து புரட்சி வரை எட்டு வருடம். ஈரான் அனிமேஷனின் பொற்காலம் என்று இன்றும் பேசப்படுவது இந்த எட்டு வருடத்தைத்தான்.

மருந்தியல்காரர் கதைக்கு வருவோம். ஸர்ரீன்கெல்க் 1937-இல் மஷ்ஹத் நகரில் பிறந்தவர். கல்லூரிக் காலத்திலேயே பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம், பிறகு பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம். மாத்திரை எண்ணும் வேலையும் படம் வரையும் கையும் ஒரே உடம்பில் எத்தனை நாள் குடியிருக்கும்? 60-களின் கடைசியில் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்குப் போய் ராவுல் சர்வேயிடம் முறையாக அனிமேஷன் கற்றார். ஐரோப்பாவில் அனிமேஷனுக்குத் தனிப் பாடத்துறை வைத்த முன்னோடி சர்வே. அங்கேயே 1971-இல் முதல் படம். ஊர் திரும்பி 1973-இல் ‘ததாயீ’. ஒரு உருவம் நெகிழ்ந்து இன்னொன்றாகி, அது மூன்றாவதாகி, எண்ணம் எண்ணத்தை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஓடும் படம். வெட்டே இல்லாமல் உருவத்தை உருவத்துக்குள் கரைப்பது பார்க்கக் குஷியாக இருக்கும், வரைய நரகம். கீ எது, இன்பிட்வீன் எது என்ற பிரிவே அதில் செல்லாது. எல்லாப் படமும் கீதான். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு வேலை வந்திருந்தால் கூலி கணக்கிடத் தெரியாமல் மேலாளர் முழித்திருப்பார்.

1975-இல் அவர் செய்த ‘தொன்யாயெ தீவானெயெ தீவானெயெ தீவானெ’தான் வெளிநாடுகளில் அதிகம் பேசப்பட்டது. ‘பைத்தியக்காரப் பைத்தியக்காரப் பைத்தியக்கார உலகம்’. பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடம். அதில் ஒவ்வொரு நிலமும் விலங்காகி விழித்துக்கொள்ளும், பக்கத்து நிலத்தைக் கடிக்கும், விழுங்கும். அவ்வளவுதான் கதை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பாடப்புத்தகத்துக்கு வரைபடம் வரைந்த ஆளுக்குத்தான் இந்த யோசனை வரும் என்பது என் ஊகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆயுதம் வாங்குவதில் உலகத்திலேயே முன்னணியில் இருந்த ஓர் அரசின் நிழலில் இயங்கிய நிறுவனம் இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது. சிறுவர் படம் என்ற பெயர்ப்பலகை எத்தனையோ விஷயங்களை உள்ளே விட்டது.

சாதேகியின் ‘கொல்பாரான்’ அதே ரகம். 1972. சிநேகமாக வாழும் இரண்டு ஊர். இரு மன்னர்களும் வேட்டைக்குப் போகிறார்கள், விழுந்த ஒரு பறவை யார் அம்பில் விழுந்தது என்று சண்டை, அது போராகிறது. இரவில் குழந்தைகள் பீரங்கிகளுக்குள் வெடிமருந்துக்குப் பதில் பூவைத் திணித்துவிடுகிறார்கள். கதையாகச் சொன்னால் கொஞ்சம் சர்க்கரை அதிகம். படமாகப் பார்த்தால் அந்தத் தித்திப்பு தெரியாது, காரணம் அதன் முகங்கள். சாதேகி நுண்ணோவியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிந்திய, மலிவான, மக்கள் வழிவந்த இன்னொன்றையும் எடுத்தார். ஈரானில் காபிக்கடைச் சுவரில் பெரிய பெரிய சித்திரத் திரை தொங்கும். பாரசீகக் காவியமான ஷாநாமாவின் வீரர்களும் கர்பலாப் போர்க்களமும் அதில் இருக்கும். நக்கால் எனப்படும் கதைசொல்லி கையில் குச்சியோடு அதன் முன் நின்று, காவிய வீரன் ருஸ்தமைக் காட்டிக் குரலை உயர்த்திக் கதை சொல்வார். அந்தத் திரைச் சித்திரத்தில் பெரிய கண், கட்டை மீசை, பக்கவாட்டில் பார்க்கும் குதிரை. சாதேகியின் மன்னர்கள் அங்கிருந்து வந்தவர்கள். கோபப்படும்போதுகூட அவர்கள் முகம் அதிகம் மாறாது, மீசை மட்டும் துடிக்கும். எந்தக் கோட்டை விடுவது என்ற பழைய சிக்கலுக்கு அவர் கண்ட விடை இது. அலங்காரத்தை எல்லாம் வைத்துக்கொள், அசைவைக் குறை. டிஸ்னிப் பள்ளியில் படித்தவர்கள் இதைச் சிக்கனம் என்பார்கள். எனக்கு அது கம்பீரமாகத் தெரிகிறது. அசையாத உடம்பில் ஒரு கண் திரும்பினால் மொத்த அரங்கும் அந்தக் கண்ணைப் பார்க்கும்.

அதே கையால் 1974-இல் சதுரங்கக் காய்களின் போரான ‘ரோக்’, 1975-இல் ‘மலெக் கோர்ஷீத்’, 1977-இல் ஷாநாமாவின் வெண்முடிக் குழந்தையைப் பறவை வளர்க்கும் கதையான ‘ஸாலும் சீமோர்கும்’. ஏழு வருடத்துக்குள் ஏழெட்டுப் படம். பிறகு ஓவியத்துக்கே திரும்பிவிட்டார். அனிமேஷன் வாழ்வு அவ்வளவுதான்.

மெஸ்காலி கானூனுக்கு வந்தது புத்தக ஓவியராக. சமத் பெஹ்ரங்கியின் ‘சின்னக் கறுப்பு மீன்’ 1968-இல் கானூன் வெளியீடாக வந்தபோது அதற்குப் படம் அவருடையது. அந்த வருடமே பெஹ்ரங்கி அரஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார், புத்தகம் தலைமறைவு வாசிப்புக்குரிய பொருளானது. ஓவியங்களோ பொலோன்யாவிலும் பிராட்டிஸ்லாவாவிலும் பரிசு வாங்கின. 1974-இல் சிறுவர் ஓவியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. டிர்ன்காவும் மாரிஸ் செண்டக்கும் வாங்கிய விருது, ஓவியப் பிரிவில் ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதற்கெல்லாம் நடுவில்தான் அவர் ‘சாம்பல் நகரம்’, ‘ரொம்ப ரொம்ப நல்ல புழு’, ‘மறுபடி பார்’ என்று வருடத்துக்கு ஒரு அனிமேஷன் செய்துகொண்டிருந்தார். கானூன் புத்தகங்களின் அட்டை, படங்களின் சுவரொட்டி, விழாவின் அழைப்பிதழ் எல்லாம் அதே வடிவமைப்புக் கூடத்தில்தான். மொமய்யெஸும் அப்படித்தான். ஈரானின் நவீன வரைகலைக்கு அவர்தான் தலைமகன், போகிற போக்கில் 1971-இல் ‘கனவு நெய்தவனும் காரியம் செய்தவனும்’ என்ற படத்தை விட்டுப் போனார். அந்தக் கூடத்தில் அனிமேஷன் என்பது ஒரு தனி உத்தியோகம் அல்ல. மேசையில் இருந்த இன்னொரு வேலை.

நஃபீஸே ரியாஹியை இங்கே சொல்ல வேண்டும். ஈரானில் அனிமேஷன் இயக்கிய முதல் பெண்ணாக அவரைக் கருதுகிறார்கள். ‘வானவில்’, ‘ஊதா பென்சில்’ என்று கானூனில் 70-களின் முதல் பாதியில் செய்தவை. எங்கள் சென்னைக் கூடத்தில் வண்ணம் தீட்டும் வரிசையில் முழுக்கப் பெண்கள், கீ மேசையில் முழுக்க ஆண்கள். அந்தக் கோடு தெஹ்ரானில் அவ்வளவு தடிமனாக இல்லை. கூலிக் கூடம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேலையைத் துண்டு துண்டாக வெட்டாத இடத்தில் துண்டுக்கு ஒரு சாதி உண்டாவதில்லை.

ஸர்ரீன்கெல்க் மட்டும் இந்த நிலைமையோடு திருப்திப்படவில்லை. அடுத்த தலைமுறை ஓவியத்திலிருந்து தடுக்கி விழுந்து அனிமேஷனுக்கு வரவேண்டியதில்லை என்று நினைத்தார். கென்ட்டில் தான் கற்றதைப்போலத் தெஹ்ரானிலும் கற்றுக்கொடுக்க 70-களின் நடுவில் வகுப்புத் தொடங்கினார். படம் செய்தவர் நினைவில் நிற்கிறார், பாடம் எடுத்தவரை மறந்துவிடுகிறோம். அவர் இரண்டையும் செய்தார். உலக அனிமேஷன்காரர் சங்கமான அசீஃபாவின் தலைவராகப் பின்னாளில் அமர்ந்தவரும் அவர்தான்.

புரட்சி 1979 பிப்ரவரியில் வந்தது. அமீர் அர்ஜுமந்த் நாட்டை விட்டுப் போனார். மெஸ்காலி அந்த வருடம் பாரிசுக்குப் போனார், பிறகு 1986-இல் தெற்குக் கலிஃபோர்னியா, அங்கே சொந்த வடிவமைப்புக் கூடம். 1998-இல் தெஹ்ரானுக்கே திரும்பினார். கரீமிக்குக் கிடைத்தது இதைவிடக் கொடியது. 1971-இல் அவர் இயக்கிய ‘மொஹல்லெல்’ என்ற நகைச்சுவைப் படம் மும்முறை மணவிலக்கு, இடைக்கணவர் என்ற சட்ட முடிச்சைக் கேலி செய்தது. புரட்சி நீதிமன்றம் அதற்காக அவருக்கு மரண தண்டனை விதித்தது. பிறகு தண்டனை நீங்கி உயிர் பிழைத்தார், ஆனால் திரைக்குத் திரும்ப விடவில்லை. சிலை செய்தார், சொல்லிக்கொடுத்தார், 2019-இல் 95 வயதை நெருங்கிக் காலமானார். ஈரானில் பொம்மைகளை நகர வைத்த முதல் கைகளில் ஒன்று, தூக்குமேடை வரை போய்த் திரும்பியது ஒரு நகைச்சுவைப் படத்துக்காக.

எனக்கு ஆச்சரியம் வேறொன்று. கானூனை மூடவில்லை. ராணி தொடங்கியது என்ற ஒரே காரணம் போதுமே, எவ்வளவோ இடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கானூனின் தலைமை மாறியது, சில புத்தகங்கள் அலமாரியை விட்டுப் போயின, ஆனால் நூலகங்களும் படக்கூடமும் நின்றன. எட்டு வருட ஈராக் போரின் நடுவிலும் அங்கே யாரோ ஒருவர் பொம்மையின் கையை ஒரு நூல் அளவு நகர்த்திச் சட்டகம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்துல்லா அலீமொராத் அந்தத் தலைமுறையின் பெரிய பெயர். ‘கடைத்தெருக் கதைகள்’, ‘பஹாதோர்’ என்று அவருடைய பொம்மைப் படங்கள் வெளிநாட்டு விழாக்களுக்குப் போயின. ஃபர்கொந்தே தொராபியும் மோர்தேஸா அஹதியும் ‘ஷங்கூல் மங்கூல்’ ஆட்டுக்குட்டிக் கதையைத் துணியில் தைத்த உருவங்களால் செய்தார்கள். துணி திரையில் அசையும்போது அதன் நெசவு தெரியும், தையல் தெரியும். வசதியில்லாததால் வந்த வழி என்று யாராவது சொல்லக்கூடும். நான் ஏற்கமாட்டேன். துணி தைக்க, ஒளிபுகும் செல் தாளில் வரைவதைவிட அதிக நேரம் ஆகும். நேரம் கொடுக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். 1999-இலிருந்து கானூன் தெஹ்ரானில் அனிமேஷனுக்கென்றே பன்னாட்டு விழா நடத்தத் தொடங்கியது.

90-களில் அரசுத் தொலைக்காட்சி ‘சபா’ என்ற அனிமேஷன் நிறுவனத்தை வைத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் வாங்கத் தொடங்கியபோதுதான் ஈரானில் எங்களைப்போன்ற கூலிக்காரர்கள் பெருகினார்கள். வேலை பெருகியது, வயிறு நிறைந்தது, கையெழுத்து மறைந்தது. குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. விதிவிலக்கு பஹ்ராம் அஸீமி. போக்குவரத்துக் காவல் துறைக்காக அவர் செய்த ‘சியா சாகெதி’ குறும்படங்களின் கோமாளி ஓட்டுநரை ஈரானில் தெரியாதவர் இல்லை. அந்தப் பேரை வைத்து ‘தெஹ்ரான் 1500’ என்ற முழுநீளப் படத்தை 2013 நவ்ரோஸ் புத்தாண்டுக்குத் திரைக்குக் கொண்டுவந்தார். ஈரானிய நாட்காட்டியின் 1500, நம் கணக்கில் 2121, தெஹ்ரானில் நடக்கும் கதை. அஷ்கான் ரஹ்கோஸாரின் ‘கடைசிக் கதை’ ஷாநாமாவின் ஸஹ்ஹாக்கை, தோளில் பாம்பு முளைத்த மன்னனை, எடுத்துக்கொண்டது. 2019-இல் ஆஸ்கரின் முழுநீள அனிமேஷன் பிரிவுக்கு அனுப்பப்பட்ட படங்களில் அதுவும் ஒன்று. ஸஹ்ஹாக்கின் பாம்புகளுக்குத் தினமும் இளைஞர்களின் மூளை தீனி. தெஹ்ரான் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்களுக்கு என்னென்ன தோன்றியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ 2007-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றதை இந்த வரிசையில் சேர்க்கிறவர்கள் உண்டு. படம் அருமை. ஆனால் அது பிரான்சில், பிரெஞ்சுப் பணத்தில், பிரெஞ்சு அனிமேட்டர்களால் ஆனது. அந்தச் சம்பளப் பட்டியல் வேறு.

2025 மார்ச் 2-ஆம் தேதி ஷீரீன் சொஹானியும் ஹொசைன் மொலாயெமியும் குறும்பட அனிமேஷனுக்கான ஆஸ்கரை வாங்கினார்கள். ஈரானிய அனிமேஷனுக்கு அதுவே முதல். படம் ‘தர் சாயெயெ சர்வ்’, சைப்ரஸ் மர நிழலில். 20 நிமிடம், வசனம் ஒன்றுகூட இல்லை. போர் மனதைக் கெடுத்த ஒரு பழைய கப்பல் கேப்டன், அவரோடு கடற்கரை வீட்டில் வாழும் மகள், கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலம். கையால் வரைந்த படம். முடிக்க ஆறு வருடம் போல ஆகியிருக்கிறது. கேப்டனுக்குக் கோபம் வரும்போது அவர் உடம்பே கண்ணாடிபோல உடையும், அந்த உடைசலில் ‘ததாயீ’யின் கரைசல் எனக்குத் தெரிந்தது. தயாரித்தது கானூன். விசா கடைசி நேரம்வரை கைக்கு வராமல், விழா நாளன்றுதான் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கி, சில மணி நேரத்தில் மேடையேறினார்கள். நான் படித்த செய்திகளெல்லாம் அந்த விமானப் பயணத்தையே திரும்பத் திரும்ப எழுதின. ஆறு வருடம் அவர்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வந்ததா, அடுத்த படத்துக்கு யார் தருவார்கள் என்று கேட்ட நிருபரைக் காணோம். நான் அங்கே இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான்.